ஒதி பெருத்தால் உத்திரம் ஆகுமா? நிலவேம்பு ஆய்வுகளை வாசிப்பது பற்றி

“மனித நோய் எதிர்ப்புச் செல்களில் அழற்சியைக் குறைக்கிறது நிலவேம்பு: ஆய்வில் நிரூபணம்.” இந்த மாதிரி ஒரு தலைப்பு ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் என் போனுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. கீழேயே அடுத்த வரி: “ஆகவே நிலவேம்புக் குடிநீர் தினமும் குடித்தால் நோய் எதிர்ப்பு சக்தி கூடும்.” முதல் வரியில் பெரிய பொய் எதுவும் இல்லை. இரண்டாவது வரி வேறு கதை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்த ‘ஆகவே’தான் இந்தக் கட்டுரைக்கு விஷயம்.

நான் இருப்பது ஒதியம்பட்டு, வில்லியனூர் கொம்யூன். மழை விட்ட நாலாவது நாள் கொசு, பத்தாவது நாள் காய்ச்சல். வில்லியனூர் நாட்டு மருந்துக் கடைகளில் நிலவேம்புப் பொடி பாக்கெட் வேகமாகப் போகும் மாதங்கள் இவை. பக்கத்து வீட்டு அத்தை போன வருஷம் கேட்டது: “ஏம்பா, நீ படிச்சவன்தானே, நிலவேம்பு குடிச்சா டெங்கு வராதுன்னு ஆராய்ச்சியிலயே சொல்லிட்டாங்களாமே?” ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. ஆராய்ச்சி என்ன சொன்னது, யாரிடம் சொன்னது, எதைச் சொல்லவே இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதிரெதிரான இரண்டு பெருமைகள்

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். முள் குத்திய இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறதே, அதுதான் அழற்சி. அது நோய் இல்லை. எதிர்ப்பு சக்தி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். ரத்தத்தில் இருக்கிற மோனோசைட் மாதிரியான வெள்ளை அணுக்கள் கிருமியின் வாசனை பட்டதும் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்களைச் சுரந்து மற்ற செல்களைக் கூப்பிடுகின்றன. காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் இந்தக் கூப்பாட்டின் விளைவு.

இப்போது யோசியுங்கள். அழற்சியைக் குறைக்கும் என்றால் இந்தக் கூப்பாட்டை அடக்கும் என்று அர்த்தம். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்றால் கூப்பாட்டை உயர்த்தும் என்று அர்த்தம். ஒரே கசாயத்துக்கு இந்த இரண்டு பெருமையையும் ஒரே மூச்சில் கொடுக்கிறோம்! ஸ்டீராய்டு மாத்திரை அழற்சியை அடக்குவதில் கெட்டிக்காரன். அதை யாராவது ‘எதிர்ப்பு சக்தி மாத்திரை’ என்று விற்பார்களா?

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. முடக்கு வாதத்துக்கு டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன. அவற்றைப் போடுவதற்கு முன் மருத்துவர்கள் நோயாளிக்கு உள்ளே காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். ஏனென்றால் நுரையீரலில் அந்தக் கிருமியைப் பூட்டி வைத்திருப்பதே டிஎன்எஃப்தான். பூட்டைத் திறந்தால் காசநோய் கிளம்பிவிடும். ஒரு மூலிகை மனித உடம்புக்குள் டிஎன்எஃப்-ஐ உண்மையிலேயே பாதியாகக் குறைக்கும் என்று வைத்துக்கொண்டால், நம் நாட்டில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘காசநோய் என்ன ஆகும்?’ என்பது. ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் யாரும் அதைக் கேட்டதாக நான் பார்க்கவில்லை. ஆய்வகத் தட்டில் நடந்தது உடம்புக்குள் அப்படியே நடக்காது என்று அவர்களுக்கும் உள்ளூரத் தெரியும் போலிருக்கிறது.

தட்டில் என்னதான் நடக்கிறது

ஆரோக்கியமான ஒருவரிடம் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அடர்த்தி கூடிய ஒரு திரவத்தின் மேல் மெல்ல ஊற்றி, சுழலும் இயந்திரத்தில் வைத்தால் சிவப்பணுக்கள் அடியில் போய்விடும். நடுவில் பனி மாதிரி ஒரு மெல்லிய வெள்ளை அடுக்கு நிற்கும். நார்வேயைச் சேர்ந்த ஆர்னே பொயும் 1968-இல் எழுதிய முறையின் வழிவந்தது இது. அந்த அடுக்கில்தான் லிம்போசைட்டும் மோனோசைட்டும் இருக்கும். அவற்றைக் குழித் தட்டில் போட்டு, மூலிகைச் சாற்றைச் சேர்த்து, பிறகு பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த எல்பிஎஸ் என்ற பொருளால் சீண்டுவார்கள். செல்கள் கோபத்தில் டிஎன்எஃப் சுரக்கும். சாறு சேர்த்த குழியில் அது குறைவாக இருந்தால், ‘அழற்சி குறைந்தது’ என்று வரைபடம் வரும்.

பல ஆய்வுகளில் ‘மனித நோய் எதிர்ப்புச் செல்’ என்பது ரத்ததானம் செய்தவரின் செல்கூட இல்லை. டிஎச்பி-1 என்ற செல் வரிசை. ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வயது ஆண் குழந்தையின் ரத்தத்திலிருந்து ஜப்பானில் உருவாக்கப்பட்டு, 1980-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டு, இன்றைக்கும் உலகமெங்கும் வளர்க்கப்படுவது. உபயோகமான கருவிதான். ஆனால் அது ஒதியம்பட்டுக்காரரின் உடம்பு இல்லை.

இந்தச் சோதனையை நான் கேலி செய்யவில்லை. ‘இந்தச் செடியில் இருக்கும் ஏதோ ஒன்று இந்தச் செல்லைத் தொடுகிறதா?’ என்ற கேள்விக்கு இதைவிட மலிவான, நேர்மையான வழி கிடையாது. ‘குடிக்கலாமா?’ என்ற கேள்விக்குத்தான் இதில் விடை இல்லை. இப்படி ஒரு கட்டுரை கையில் கிடைத்தால் நான் பார்க்கிற ஐந்து இடங்களைச் சொல்கிறேன்.

அளவு. நிலவேம்பின் கசப்புக்கும் பெரும்பாலான பெருமைக்கும் சொந்தக்காரர் ஆண்ட்ரோகிராஃபோலைட். 1911-இல் கோர்ட்டர் என்பவர் பிரித்தெடுத்த பொருள். தட்டுச் சோதனைகளில் 10 முதல் 30 மைக்ரோமோலார் வரை ஊற்றுவது சகஜம். அதன் மூலக்கூறு எடை சுமார் 350. கணக்குப் போட்டால் 10 மைக்ரோமோலார் என்பது மில்லிலிட்டருக்கு 3500 நானோகிராம். மாத்திரையாக விழுங்கிய மனிதர்களின் ரத்தத்தில் அளந்து பார்த்த ஆய்வுகளில் கிடைத்ததோ சில பத்துகளிலிருந்து சில நூறு நானோகிராம் வரைதான். தட்டில் ஊற்றுவது அதைப்போல பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு.

முழுச் சாறு என்றால் இன்னும் எளிதாகக் கணக்குப் போடலாம். ‘மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் சாறு பலன் தந்தது’ என்று எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். நம் உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர். பெருக்கினால் 1 கிராம் வருகிறது. அதாவது 1 கிராம் உலர்ந்த சாறு முழுவதும், குடல், ஈரல் எதிலும் குறையாமல் ரத்தத்தில் ஒரே நேரத்தில் மிதக்க வேண்டும். அப்படி எந்தக் கசாயமும் மிதப்பதில்லை.

கரைப்பான். ஆண்ட்ரோகிராஃபோலைட் தண்ணீரில் லேசில் கரையாது. ஆய்வகத்தில் எத்தனால், மெத்தனால், டிஎம்எஸ்ஓ என்று எதிலாவது கரைக்கிறார்கள். நம் வீட்டில் பொடியைத் தண்ணீரில் போட்டுக் கால் பாகமாக வற்ற வைத்து வடிகட்டுகிறோம். மேலும், நிலவேம்புக் குடிநீர் என்பது வெறும் நிலவேம்பு இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்து ஒன்பது சரக்கு. மெத்தனால் சாற்றில் வந்த முடிவை எடுத்துத் தண்ணீர்க் கசாயத்தின் மேல் ஒட்டுவது, கடலை எண்ணெயைச் சோதித்துவிட்டு அவித்த கடலைக்குச் சான்றிதழ் கொடுப்பது மாதிரி.

செத்த செல். செத்த செல் டிஎன்எஃப் சுரக்காது. பினாயில் ஊற்றினால்கூட அழற்சி குறையும்! அதனால் செல்கள் உயிரோடு இருந்தனவா என்று தனியாகக் காட்ட வேண்டும். அதற்கு வழக்கமாகச் செய்வது எம்டிடி என்ற நிறமாற்றச் சோதனை. இதிலும் ஒரு பொறி உண்டு: மூலிகைச் சாறுகளில் இருக்கும் சில பொருட்கள் செல்லே இல்லாத குழியிலும் அந்த நிறத்தைக் கொண்டுவந்துவிடும். ‘செல் இல்லாத குழியில் சாறு மட்டும் போட்டுப் பார்த்தோம்’ என்ற வரி கட்டுரையில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அசுத்தம். செல்லைச் சீண்டப் பயன்படும் எல்பிஎஸ், மண்ணிலிருந்து வரும் எந்தச் செடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடிய பொருள். கொதிக்க வைத்தாலும் லேசில் அழியாது. மோனோசைட்டுக்கு இதன் மிக நுண்ணிய அளவே போதும். சாற்றில் இது கலந்திருந்தால் சாறே செல்லைத் தூண்டும். உடனே ‘எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மூலிகை’ என்று கட்டுரை. இன்னொரு பக்கம், லேசான சீண்டலைக் கொஞ்ச நேரம் பழகிய செல் அடுத்த பெரிய சீண்டலுக்கு மந்தமாகவே பதில் சொல்லும். இந்த மரத்துப்போகும் தன்மை நன்றாகத் தெரிந்த விஷயம். அப்போது ‘அழற்சியைக் குறைக்கும் மூலிகை’ என்று கட்டுரை. ஒரே அழுக்கு, எதிரெதிரான இரண்டு தலைப்பு! சாற்றில் எல்பிஎஸ் இருக்கிறதா என்று அளந்தோம் என்ற ஒரு வரி இல்லாத கட்டுரையை நான் அதோடு மூடிவிடுவேன்.

வரிசை. பெரும்பாலான சோதனைகளில் மூலிகை முதலில், சீண்டல் பிறகு. நோயாளி வருவதோ சீண்டல் நடந்து மூன்று நாள் கழித்து. சீண்டிய பிறகு மூலிகை சேர்த்தால் என்ன ஆகிறது என்பதைச் செய்து காட்டியவர்களுக்கு என் மரியாதை.

நிலவேம்புக்குச் சேர வேண்டிய நியாயம்

இவ்வளவு சொன்னதால் நிலவேம்பு வெறும் கசப்பு என்று ஆகிவிடாது. ஆண்ட்ரோகிராஃபோலைட் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உருப்படியான விடை இருக்கிறது. செல்லுக்குள் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் சுவிட்ச் ஒன்று உண்டு. என்எஃப்-கப்பா-பி என்று பெயர். அதன் ஒரு பாதியான பி50 என்ற புரதத்தில் 62-ஆவது இடத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. ஆண்ட்ரோகிராஃபோலைட் அந்த சிஸ்டீனோடு பிணைந்துகொள்கிறது. சுவிட்ச் டிஎன்ஏ-வில் போய் உட்கார முடிவதில்லை. 2004-இல் வெளியான இந்த வேலை மூலிகை ஆய்வுகளில் அபூர்வமான துல்லியம் கொண்டது. ‘ஏதோ குறைந்தது’ என்று நிற்காமல், எந்த இடத்தில், எப்படி என்று காட்டியது.

ஆனால் அதே துல்லியம் ஒரு எச்சரிக்கையும் தருகிறது. சிஸ்டீன் அந்த ஒரு புரதத்தில் மட்டுமா இருக்கிறது? உடம்பு முழுக்க இருக்கிறது. ஒட்டும் குணம் உள்ள மூலக்கூறு, அளவு கூடினால் கண்ட இடத்தில் ஒட்டும். மஞ்சளின் குர்குமினுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், போலி மருந்தோடு முறையாக ஒப்பிட்டு வெற்றி பெற்றது ஒன்றுகூட இல்லை என்று 2017-இல் வேதியியலாளர்கள் ஒரு நீண்ட விமர்சனம் எழுதினார்கள். தட்டில் எதைத் தொட்டாலும் வேலை செய்கிற பொருள், உடம்பில் எங்கேயும் போய்ச் சேராத பொருளாகவும் இருக்கலாம்.

மனிதர்கள் குடித்தபோது

நிலவேம்பின் அழற்சி எதிர்ப்புக்கு நடந்த உண்மையான பரீட்சை டெங்குவில் இல்லை. பெருங்குடல் புண் நோயில். எச்எம்பிஎல்-004 என்ற பெயரில் நிலவேம்புச் சாற்றை 224 பேரிடம் 8 வாரம் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 1800 மில்லிகிராம் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். போலி மருந்து எடுத்தவர்களில் 40 சதவீதம். நல்ல செய்திதான். அடுத்த கட்டத்துக்குப் பெரிய சோதனை தொடங்கினார்கள். 2014-இல் இடைக்காலக் கணக்கைப் பார்த்துவிட்டு, வெற்றி வாய்ப்பு இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். தட்டில் ஜெயித்து, சிறிய சோதனையிலும் ஜெயித்து, பெரிய சோதனையில் தோற்றது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிற கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

தாய்லாந்தில் நடந்தது இன்னொரு பாடம். கொரோனா காலத்தில் அங்கே நிலவேம்பைச் சிகிச்சைக்கு அனுமதித்தார்கள். நாளைக்கு 180 மில்லிகிராம் ஆண்ட்ரோகிராஃபோலைட், 5 நாள். 2021-இல் 57 பேரை வைத்து ஒரு சோதனையின் முன்பதிப்பு வந்தது. நிலவேம்பு எடுத்த 29 பேரில் யாருக்கும் நிமோனியா இல்லை. எடுக்காத 28 பேரில் 3 பேருக்கு. புள்ளிவிவரப்படி உறுதி என்று எழுதியிருந்தார்கள். பிறகு கணக்கிலேயே பிழை என்று தெரிந்து, முன்பதிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

அந்தக் கணக்கை நாமே போடலாம். நிலவேம்புக்கு எந்தச் சக்தியும் இல்லை, அந்த மூன்று பேருக்கு எப்படியும் நிமோனியா வந்திருக்கும் என்று வையுங்கள். மூவரும் தற்செயலாக ஒரே பக்கம், அதுவும் மருந்து இல்லாத பக்கம், விழ என்ன வாய்ப்பு? 28/57 பெருக்கல் 27/56 பெருக்கல் 26/55. விடை 0.11. ஒன்பதில் ஒன்று. காசை மூன்று தடவை சுண்டி மூன்றும் தலை விழுகிற மாதிரி. அதை வைத்து ஊருக்கே கசாயம் காய்ச்ச முடியாது.

சளி, தொண்டை வலி, இருமலுக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 33 சோதனைகளை ஒன்றாகப் பார்த்த 2017-ஆம் வருஷத் தொகுப்பு, அறிகுறிகள் ஓரளவு குறைவதாகவும், ஆனால் சோதனைகளின் தரம் மோசம் என்றும் சொன்னது. பக்க விளைவும் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் ஆண்ட்ரோகிராஃபோலைட்டை அளவு ஏற்றிச் சோதித்து 2000-இல் வெளியான ஆய்வு, கடுமையான ஒவ்வாமை உள்ளிட்ட காரணங்களால் பாதியில் நிறுத்தப்பட்ட ஒன்று. ‘மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது’ என்பதும் ‘எல்லாம் பண்ணும்’ என்பதும் ஒரே வாயில் வரக்கூடாது.

டெங்குவுக்கு வருவோம்

2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரைக் கையில் எடுத்தது. 2017 அக்டோபரில் கமல்ஹாசன், ஆராய்ச்சி முடிவு வரும்வரை தன் இயக்கத்தார் அதை விநியோகிக்க வேண்டாம் என்று எழுதியபோது பெரிய சண்டையே நடந்தது. ஒரு பக்கம் தமிழ் மருத்துவத்தை அவமதிக்கிறாயா என்றார்கள். இன்னொரு பக்கம் சித்த மருத்துவமே பொய் என்றார்கள். குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காணாமல் போனது.

டெங்குவில் ஆளைக் கொல்வது காய்ச்சல் இல்லை. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுவது. அது பெரும்பாலும் மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற சமயத்தில் நடக்கும். ‘அழற்சியால்தானே கசிகிறது, அப்போ அழற்சியைக் குறைக்கிற மூலிகை நல்லதுதானே?’ என்று கேட்கலாம். நிலவேம்பைவிடப் பல மடங்கு பலமான அழற்சி எதிர்ப்பு மருந்தான ஸ்டீராய்டை டெங்குவில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை. கொரோனாவில் அதே ஸ்டீராய்டு, 2020-இல் பிரிட்டனின் ரெகவரி சோதனையில், செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. ஆக, அழற்சியைக் குறைப்பது எந்த நோயில், எந்த நாளில் என்பதைப் பொறுத்து மருந்தாகும், அல்லது ஒன்றுமில்லாமல் போகும். குழித் தட்டுக்கு நாள், கிழமை தெரியாது.

அத்தைக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கசாயம் குடிப்பதானால் குடியுங்கள், கர்ப்பிணிக்கு மட்டும் கொடுக்காதீர்கள். ஆனால் காய்ச்சல் விட்டதும் ‘நிலவேம்பு கேட்டுடுச்சு’ என்று வீட்டிலேயே படுத்திருக்காதீர்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், தள்ளாட்டம், குழந்தை சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இங்கிருந்து ஜிப்மர் ஒன்றும் தூரம் இல்லை. கசாயத்தால் வரும் கெடுதலைவிட, கசாயத்தை நம்பிக் காத்திருக்கும் அந்த ஒரு நாளால் வரும் கெடுதல் பெரிது.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

விமர்சனம் மட்டும் செய்தால் போதாது. தட்டில் மூலிகையை ஊற்றுவதற்குப் பதில், மனிதரைக் குடிக்க வைத்துவிட்டு ரத்தம் எடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஒன்பது சரக்கும் முறைப்படி சேர்த்து, தண்ணீரில் காய்ச்சிய அதே குடிநீர். அதே கசப்பில், அதே நிறத்தில் இன்னொரு போலிக் குடிநீர். சம்மதம் தெரிவிக்கும் ஆரோக்கியமான நாற்பது, ஐம்பது பேர். குடிப்பதற்கு முன் ஒரு தடவை, குடித்த பிறகு ஒரு தடவை ரத்தம் எடுத்து, எல்பிஎஸ்-ஆல் சீண்டி, டிஎன்எஃப் அளக்க வேண்டும். குடல், ஈரல் எல்லாம் தாண்டி வந்தது என்னவோ அதுதான் செல்லைத் தொட்டிருக்கும். அளவைப் பற்றிய சண்டை தானாகத் தீர்ந்துவிடும். ராக்கெட் விடுகிற செலவு இல்லை இது. ஒரு மருத்துவக் கல்லூரியும் ஒரு சித்த மருத்துவக் கல்லூரியும் கைகோத்தால் நடக்கிற வேலை.

சித்த மருத்துவத்துக்கும் இதுதான் மரியாதை. ‘எதிர்ப்பு சக்தி கூடும்’ என்பது சித்த மருத்துவத்தின் பேச்சே இல்லை. அது சத்து பானம் விற்கிறவர்களின் பேச்சு. சித்த மருத்துவம் ஆளைப் பார்த்து, நாடி பார்த்து, எந்தச் சுரம் என்று பார்த்துக் குடிநீர் கொடுக்கிற முறை. ‘அழற்சி’ என்ற சொல்லில் ‘அழல்’ இருக்கிறது என்பதற்காக, வளி அழல் ஐயத்தில் வரும் அழலும் டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் ஒன்று என்று எழுதுகிறவர்கள் இரண்டு துறைக்கும் உதவி செய்யவில்லை.

எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டாலே ஒதிய மரம் ஞாபகத்துக்கு வரும்; கூடவே பழமொழியும். ஒதி பெருத்தால் உத்திரம் ஆகுமா? வேகமாக வளரும், பருத்து நிற்கும், நிழலும் தரும். வீட்டுக்கு உத்திரமாகப் போட்டால்தான் தாங்காது. தட்டுச் சோதனைகளும் அப்படித்தான் பெருத்துக்கொண்டே போகின்றன. நூறு ஒதியை அடுக்கினாலும் ஒரு உத்திரம் ஆகாது; அதற்கு வேறு மரம் வேண்டும். அடுத்த தடவை ‘ஆய்வில் நிரூபணம்’ என்று போனில் வந்தால், அனுப்பியவரிடம் சண்டை போடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “யார் குடிச்சாங்க?”